ஒற்றைப்பனையின் நான்கு நிமிடங்கள்

கடலூரில் கெடிலம் ஆற்றுப் பாலத்தின் பாதியில்தான் கழுத்தில் ஆபீஸ் அட்டை இன்னும் தொங்குவதைக் கவனித்தேன். திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கப் போனால் மேனேஜர் முகத்தை ஒரே நாளில் இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருக்கும். கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தேன். பையில் ஒரு லுங்கி, ஒரு சட்டை, சார்ஜர், நான் நீக்கிய டெஸ்டுகளின் பட்டியல் பதினோரு தாள்.

"நாளைலேர்ந்து வர வேணாம்" என்று அவர் சொல்லி அரைமணி நேரம் ஆகியிருந்தது. அந்த வாக்கியத்தை அதற்கு முன் ஆறேழு இடங்களில் கேட்டிருக்கிறேன். கேட்டதும் அடுத்த வேளைச் சாப்பாடு எங்கே என்று யோசிப்பேன், அவ்வளவுதான். அன்று மண்டையைக் குடைந்தது வேறு. காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் வரும் வழியில் ஒற்றைப்பனை என்று ஒரு நிறுத்தம். அங்கே இட்லி விற்கும் ஒரு பெண்ணின் பிழைப்பை, கடலூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடி நான் கெடுத்திருந்தேன். அவரை நான் பார்த்ததுகூட இல்லை. பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நான் விட்டுவிட்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. டெஸ்ட் எழுதுவது எப்படி என்று சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் நிறைய. எந்த டெஸ்டை எடுத்துவிடுவது என்று சொல்ல ஆள் குறைவு. எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் வாயைத் திறப்பதில்லை. எனக்கு இனி யாரும் வேலை தரப்போவதில்லை என்பதால் நான் திறக்கிறேன்.

நான் ஒன்பதாவது ஃபெயில். லாரி கிளீனர், இறால் குட்டைக் காவல், செங்கல் சூளை, கேண்டீனில் பாத்திரம் என்று சுற்றிக் கடைசியில் ஒரு தனியார் பஸ்ஸில் கிளீனராக இருந்தேன். ஒருநாள் நான் படியில் நிற்கும்போது டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். விழுந்ததில் இடது கணுக்கால் உடைந்து கோணலாகச் சேர்ந்தது. ஓட முடியாத கிளீனரை எந்த பஸ்ஸும் வைத்துக்கொள்ளாது. அந்தச் சமயத்தில் கடலூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி, பஸ்ஸைப் பற்றித் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தது. பஸ்ஸைப் பற்றி எனக்கு எலும்புவரை தெரியும். சேர்ந்தேன்.

அந்தக் கம்பெனி செய்தது டைமிங் பெட்டி. நம் பக்கத்துத் தனியார் பஸ்காரர்கள் ஒரு நிமிடத்துக்காக நடுரோட்டில் சட்டையைப் பிடிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பெட்டி டிரைவர் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எப்போது கிளம்பலாம் என்று மணியடிக்கும். மணிக்கு முன் எடுத்தால் மறுநாள் ஒரு டிரிப் கட். ஒருவரையொருவர் நம்பாத முதலாளிகள் எல்லோரும் பெட்டியை நம்பினார்கள். டிரைவர்கள் அதற்குப் பயந்தார்கள். கண்டக்டர்களின் விசில் மெல்லச் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

என் முதல் வேலை, எல்லா ரூட்டிலும் பஸ்ஸில் போய் எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நோட்டில் குறிப்பது. அந்தக் குறிப்பை வைத்து தினேஷ் கோடு, அதாவது பெட்டியை இயக்கும் புரோகிராம், எழுதுவான். சிதம்பரத்துப் பையன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், என்னை மாமா என்பான். கோடு எழுதியபின் டெஸ்ட் எழுதுவான். இன்று காலைதான் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: டெஸ்ட் என்பது கோடுக்குப் பரீட்சை வைக்கும் இன்னொரு கோடு. பஸ்ஸே இல்லாமல் பஸ் ஓடுவதுபோல் நடித்து, பெட்டி சரியாக மணியடிக்கிறதா என்று தானாகப் பார்த்துச் சொல்லும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நானும் எழுதக் கற்றுக்கொண்டேன்.

ஆறு வருடத்தில் டெஸ்டுகள் மூவாயிரத்துக்கு மேல் போய்விட்டன. எந்த முதலாளி போனில் கத்தினாலும் அவர் பெயரில் ஒரு டெஸ்ட் எழுதி, "உங்களுக்குன்னு தனியா ஒண்ணு போட்டாச்சு சார்" என்று சொல்வது மேனேஜரின் வழக்கம். முதலாளிகளுக்கு அதில் ஒரு பெருமை. ஒருவர் தன் டெஸ்டைப் பிரின்ட் எடுத்துச் சட்டம்போட்டு ஆபீஸில் மாட்டி, விசேஷ நாட்களில் மாலை போட்டார். இரண்டு பஸ் முதலாளிகள் மச்சான்மார்கள், பேச்சுவார்த்தை கிடையாது. அவர்களுடைய பஸ்கள் ஒரே நிறுத்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்காமல் இருக்கிறதா என்று பார்க்கவே நாற்பது டெஸ்ட்.

எல்லாம் ஓடி முடியப் பதினான்கு மணி நேரம். பாதியில் ஒன்று தவறினாலும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். எனக்கு வேலை போவதற்கு முந்தைய வருடம், சிதம்பரத்தில் தேருக்காக வீதிகளை அடைத்தபோது புது டைமிங் போட வேண்டியிருந்தது. டெஸ்டுகள் எல்லாம் தேறிப் புது டைமிங் பஸ்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது, தேர் நிலைக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. காலியான தேரோடும் வீதியைச் சுற்றிக்கொண்டு பஸ்கள் ஒரு வாரம் ஓடின. டிரைவர்களுக்குத் தேர் இல்லை என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் பெட்டி சொல்கிறதே.

அடுத்த தேருக்கு முன் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார்.

"பாதிய எடுங்க. எந்தப் பாதின்னு என்னக் கேக்காதீங்க."

"கேக்காம எப்படி சார்?" என்றான் தினேஷ்.

"பூ போட்டுப் பாத்துக்கலாம்."

விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தோம். அவர் ஏற்கெனவே டெஸ்ட் பட்டியலைத் திருவந்திபுரம் மலைக்கு எடுத்துப் போய், பிள்ளைகள் ஹால் டிக்கெட்டை வைக்கும் இடத்தில் ஹயக்ரீவர் முன்னால் வைத்து வாங்கி வந்திருந்தார். பரீட்சைக்கு அவர்தானே சாமி, இதுவும் பரீட்சைதானே என்பது அவர் கணக்கு. மறுநாள் சர்வர் அலமாரியில் ஒட்டியிருந்த சாமி படத்துக்குக் கீழே தாம்பாளம் வந்துவிட்டது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் டெஸ்ட் இருக்கட்டும். சிவப்பு வந்தால் எடு. ஆபீஸ் பெருக்கும் அக்காதான் கண்ணை மூடிக்கொண்டு பொட்டலத்தை எடுக்க வேண்டும்.

"ஏன் சார், பொண்ணு குடுக்கலாமா வேணாமான்னுதான் இப்டி பாப்பாங்க. இதுக்கெல்லாமா சாமி பதில் சொல்லும்?" என்றார் அந்த அக்கா.

"கேட்டாதானே தெரியும். எடுங்க."

மூவாயிரத்தையும் இப்படிப் பார்த்து முடிப்பதற்குள் தேர் ஓடிவிடும் என்று நான் சொன்னேன். ஆகவே ஒரு ஏற்பாடு. முடிவு நான் எடுப்பது. எங்கே தடுமாறுகிறேனோ அங்கே மட்டும் பூ. எனக்கு இவ்வளவு பெரிய பொறுப்பு அதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை. மூன்று நாள் முதுகை நிமிர்த்தி நடந்தேன்.

எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். இதுவரை ஒருமுறைகூடத் தவறாத டெஸ்ட் எது என்று பார்ப்பது. ஆறு வருடமாகத் தினமும் சரி, சரி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் டெஸ்ட் எதற்கு? அதைத் தூக்கு. கேட்க அறிவாளித்தனமாக இருக்கிறதல்லவா? உங்களில் சிலர் தலையாட்டுவது தெரிகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

மச்சான்மார்களின் நாற்பதையும் எடுத்தேன். அது சரியாகத்தான் போயிற்று. காரணம், எடுக்கும் முன் இரண்டு பேருக்கும் போன் செய்தேன். ஒரு கல்யாணத்தில் சமாதானம் ஆகிவிட்டார்களாம். "அத இன்னும் வச்சிருக்கீங்களா?" என்று சிரித்தார்கள்.

அடுத்து இரண்டில் தடுமாறினேன். ஒன்று, பஸ் கதவு திறந்திருந்தால் மணி அடிக்கக் கூடாது என்ற டெஸ்ட். ஒருமுறையும் தவறியதில்லை. மேனேஜர் பூ போட்டார். சிவப்பு. நான் முடியாது என்றேன். "எடுக்கச் சொல்றது சாமிய்யா" என்றார். "படியிலேர்ந்து வுழுந்தது நான் சார்" என்றேன். காலைக் காட்டினேன். அந்த டெஸ்ட் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது, ஒற்றைப்பனையில் காலை முதல் பஸ் நான்கு நிமிடம் நிற்க வேண்டும் என்ற டெஸ்ட். அந்த ரூட்டில் மற்ற சின்ன நிறுத்தங்களில் அரை நிமிடம்தான். ஊர்கூட இல்லாத ரோட்டில் நான்கு நிமிடம் ஏன் என்று எங்கும் எழுதியில்லை. தினேஷுக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை. பூ போட்டோம். வெள்ளை. இருக்கட்டும் என்றது பூ.

"ஆறு வருசமா ஒரு வாட்டி கூடத் தவறல சார். பூவுக்கு என்னா தெரியும்?" என்று சொல்லி எடுத்துவிட்டேன்.

போய்ப் பார்த்திருக்கலாம். கடலூரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் ஒற்றைப்பனை. ஒரு பகல் ஆகும். மூவாயிரம் டெஸ்ட் இருக்கும்போது ஒன்றுக்காக ஒரு பகலா என்று தோன்றியது. பதினான்கு மணி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்த திமிர் வேறு.

டெஸ்டை எடுத்தால் அன்றைக்கே ஒன்றும் உடையாது. அதுதான் இதில் உள்ள விஷமம். தேர் டைமிங் போடுவதற்காகக் கோடுக்குள் போன தினேஷ், அந்த நான்கு நிமிட விதியைப் பார்த்திருக்கிறான். இது ஏன் என்று தெரியவில்லை, எடுத்துப் பார்ப்போம், தப்பென்றால் டெஸ்ட் கத்தும் என்று எடுத்திருக்கிறான். கத்த வேண்டிய டெஸ்டை நான் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். எல்லாம் தேறியது. மேனேஜர் கேசரி வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை முதல் பஸ் ஒற்றைப்பனையில் நின்றது. வழக்கம்போல் கண்டக்டரும் ஆறு பயணிகளும் இறங்கி ரோட்டைத் தாண்டி இட்லிக்குப் போனார்கள். மணி அடிக்க வேண்டுமே என்று டிரைவர் கதவை மூடினார். அரை நிமிடத்தில் மணி அடித்தது. டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. மணி அடித்தபின் நின்றாலும் டிரிப் கட். பஸ் கண்டக்டர் இல்லாமல் சிதம்பரம் போய்ச் சேர்ந்தது. வழியில் ஏறியவர்கள் டிக்கெட் கேட்க ஆளில்லாமல் மரியாதையாக இறங்கிப் போனார்கள். கண்டக்டர் டிக்கெட் பையும் இட்லிப் பொட்டலமுமாகப் பின்னால் வந்த பஸ்ஸில், போட்டிக்காரருடைய பஸ்ஸில், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டே சிரித்தது. இதில் இன்னொரு விஷயம். சீக்கிரம் போய்ச் சேர்ந்த பஸ்ஸுக்கு அங்கிருந்து கிளம்பும் நேரம் மாறவில்லை. மிச்சமான நிமிடங்களைச் சிதம்பரத்தில் சும்மா நின்று தீர்த்தது.

அடுத்த இரண்டு நாள் யாரும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் கண்டக்டர் ஆபீஸுக்கே போன் செய்தார். தன் மானம் போனதைச் சொன்னார். இட்லிக்கடை அம்மாவிடம் இறங்க இனி யாருக்கும் தைரியம் இல்லை, இரண்டு நாளாக மாவு புளித்துப் போகிறது என்பதையும் சொன்னார். மேனேஜர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். டெஸ்டைப் பார்க்காமல் எடுத்ததற்காக என்னை அனுப்பவில்லை.

"பூ வெள்ளைன்னு சொல்லுச்சு. நீ கேக்கல" என்றார்.

அப்படித்தான் அந்தக் கெடிலத்துப் பாலத்துக்கு வந்தேன்.

ஒற்றைப்பனையில் நான் இறங்கியபோது சாயங்காலம். பனையும் இல்லை. ரோடு அகலப்படுத்தியபோது போயிருக்க வேண்டும். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பெஞ்சு. ஒரு பெண் மண்ணெண்ணெய் டப்பாவில் தண்ணீர் கொண்டுவந்து அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பெயர் செல்வி என்று கண்டக்டர் போனில் சொல்லியிருந்தார்.

"கட காலைலதான்" என்றார் நிமிராமல்.

"சாப்புட வரல. கடலூர்லேர்ந்து வரேன். அந்தப் பெட்டி ஆபீஸு."

நிமிர்ந்தார். கையில் தேங்காய் நார். "யாரு, அந்த நாலு நிமிசத்த எடுத்த ஆளா?"

"ஆமா."

"ஒக்காரு. ஓடிடாத."

"ஓட முடியாதும்மா. காலு இப்டி."

காலைப் பார்த்தார். நாரைக் கீழே வைத்தார். பிறகு பேசினார். அவர் கடை போட்டு நான்கு வருடம். இங்கே கடை போட்டதே முதல் பஸ் நான்கு நிமிடம் நிற்கிறது என்பதால்தான். பொட்டல் ரோட்டில் வேறு எதற்கு மனுஷன் இறங்கப் போகிறான்?

"அதுக்கு முன்ன ஏன் நின்னுச்சு?" என்றேன்.

"அது எனக்கு இன்னா தெரியும்? நின்னுச்சு, கட போட்டேன். இப்ப கட இருக்கு, அது நிக்க மாட்டேங்குது."

நான் எழுந்து சுற்றிப் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால், முழங்கால் உயரப் புல்லுக்குள் ஒரு சிமென்ட் மேடை. நடுவில் இரும்புக் குழாய் அறுத்து எடுத்த தடம். அடிபம்பு இருந்த இடம். அதன்மேல் கையை வைத்ததும் நினைவு வந்துவிட்டது. இந்தப் பம்பை நான் அடித்திருக்கிறேன்.

ஆறு வருடம் முன் நோட்டோடு நான் வந்த அன்று இந்த ரூட்டில் ஓடியது ஒரு பழைய பஸ். ரேடியேட்டர் ஒழுகும். தினமும் இந்தப் பம்பு பக்கத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால்தான் சிதம்பரம் போகும். அன்று நானே இரண்டு குடம் அடித்துக் கொடுத்தேன். அடித்துவிட்டு வந்து, ஈரக் கையால் நோட்டில் எழுதினேன்: ஒற்றைப்பனை, நான்கு நிமிடம். ஏன் என்று எழுதவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்று விட்டிருக்கிறேன். அந்த பஸ் எடைக்குப் போய்விட்டது. பம்பு போய்விட்டது. பனை போய்விட்டது. தினேஷ் என் நோட்டைப் பார்த்து எழுதிய டெஸ்ட் மட்டும், இல்லாத ரேடியேட்டருக்காக ஆறு வருடம் காவல் காத்திருக்கிறது. அந்தக் காவலில் ஒரு கடை முளைத்திருக்கிறது.

தினேஷுக்குப் போன் செய்தேன்.

"போட்டுடலாம் மாமா. ஆனா தேர் டைமிங்குக்குக் கையெழுத்து ஆயிடுச்சு, இனி கை வெச்சா மறுபடி எல்லா ஓனரும் போடணும். தேர் முடிஞ்சுதான் மீட்டிங். இந்த பஸ் ஓனரே, சீக்கிரம் போவுது நல்லாருக்குன்றாரு."

"மீட்டிங்ல வெய்யி."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. என்னா போடறது?"

"இட்லின்னு போடு."

"இட்லின்னு போட்டா என்னையும் அனுப்பிடுவாரு." கொஞ்சம் யோசித்தான். "நீங்களே சொல்லுங்க, விவரமா எழுதிக்கறேன்."

சொன்னேன். ரேடியேட்டர், பம்பு, கடை, செல்வி எல்லாம். அவன் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. நீங்கள் இன்றைக்கு எழுதும் டெஸ்டிலும் அந்த ஒரு வரி இருக்கட்டும். எடுக்க வருகிறவன் நீங்களாகவே இருக்கலாம், உங்களுக்கும் மறந்திருக்கும்.

"தேர் முடிஞ்சு மீட்டிங்குனா பத்து நாளு" என்றார் செல்வி. "பத்து நாளு மாவ யார் தலைல ஊத்தறது? உன் தலைலயா?"

நான் பையிலிருந்து தாள்களை எடுத்துப் புரட்டினேன். நான் எடுத்தவை பதினோரு தாள் நிறைய இருந்தன. எடுக்காதது ஒன்று நினைவுக்கு வந்தது.

"கதவு தொறந்திருந்தா மணி அடிக்காது" என்றேன்.

"அதுக்கு?"

"படியில ஒரு ஆளு காலு வெச்சுக்கிட்டு நின்னா கதவு மூடாது. மணி அடிக்காது. மணி அடிக்காம டிரைவர் எடுக்க மாட்டாரு. லேட்டும் ஆவாது, சிதம்பரத்துல சும்மா நிக்கறத இங்க நிக்கப்போவுது."

செல்வி கழுவிய அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். "தினமும் நிப்பியா?"

"பத்து நாளு நிக்கறேன்."

"சம்பளம்லாம் கெடையாது. காலைல வயிறாரப் போடறேன். ராத்திரி இந்தக் கொட்டாய்ல படுத்துக்க."

"சரி."

"எந்தக் கால வெப்ப?"

"வலது."

"அதுல செருப்பு அறுந்திருக்கு பாரு. கோணக்கால வெய்யி. அதுதான் வழுக்காம நிக்கும்."

எனக்கு நடந்த நேர்முகத் தேர்வுகளிலேயே விஷயம் தெரிந்தவர் நடத்தியது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை முதல் பஸ் வந்தது. ஆறு பேர் எட்டிப் பார்த்தார்கள், யாரும் இறங்கவில்லை. நான் இடது காலைத் தூக்கிப் படியில் வைத்தேன். டிரைவர் பொத்தானை அழுத்தினார். கதவு வந்து என் கணுக்காலில் தட்டிவிட்டுத் திரும்பிப் போனது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் திரும்பியது.

"ஏறுறியா எறங்குறியா?" என்றார்.

"ரெண்டும் இல்ல. நாலு நிமிசம்."

அவர் பெட்டியைப் பார்த்தார். பெட்டி பேசவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். முதலில் இறங்கியவர் கண்டக்டர். கடைசிப் படியில் நின்று குனிந்து என் காலை நன்றாகப் பார்த்தார். பிறகு அதைத் தாண்டி ரோட்டில் குதித்தார். நான்கு எட்டு போனவர் திரும்பினார்.

"எடுத்துடாதய்யா" என்றார்.

நான் எடுக்கவில்லை.